எந்த ஆமி?

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், அப்பா 1987-லிருந்து 1989 வரை அசாமில் இருந்தார் என்றுதான் சொல்வார்கள். ஓய்வுபெற்று வேலூரில் வீடு கட்டிக் குடிவந்தபோது அப்பாவே சொன்ன கணக்கு அது. 1987-க்கு முன்னால் உண்மையிலேயே இரண்டு வருடம் அசாமில் இருந்திருக்கிறார். அந்த இரண்டை நான்காக நீட்டிவிட்டார், அவ்வளவுதான். அட்டைப்பூச்சிக் கதை, வெள்ளத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு போன கதை எல்லாம் நிஜம். தேதி மட்டும் பொய்.

1987-லிருந்து 1989 வரை அவர் உண்மையில் இருந்தது யாழ்ப்பாணத்தில். இந்திய அமைதி காக்கும் படையில், சிக்னல்ஸ் பிரிவு ஹவில்தாராக.

எனக்கு அப்போது எட்டு வயது. அவர் கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது, ராணுவத் தபால் நிலையத்தின் ஏ.பி.ஓ. எண் மட்டும் இருக்கும். 'நான் நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டி உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு கடிதத்தில், 'இங்கே கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, பெண்கள் பேசுவது பாட்டு மாதிரி இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அசாம் என்ற பொய் ஏன் வந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் உண்டு. 1989 கடைசியில் திரும்பி வந்து லீவில் இருந்தபோது, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தூரத்து உறவினர் ஒருவர், "நம்ம ஆளுங்களைச் சுடத்தான் கப்பல் ஏறிப் போனீங்களா?" என்று கேட்டார். அப்பா பாதி இலையில் எழுந்துவிட்டார். 1991 மே 21-க்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் நடந்த அடுத்த மாதமே, அதே மனிதர் வீடு தேடி வந்து, "போனவங்க ஒழுங்கா முடிச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். அதே வாய், இடையில் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அப்புறம் புதுத் தெருவுக்கு வந்தோம், அசாமும் வந்துவிட்டது.

கடைசிப் படைப்பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னையில் வந்திறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதைச் சரி என்பவர்களும் உண்டு, பெரிய அவமரியாதை என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது, அதனால் இந்த விவாதத்தில் என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அப்பா அதைப் பற்றிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நல்லவேளை, நான் முன்னாடியே வந்துட்டேன்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

2009 மே மாதம் தொலைக்காட்சியில் முள்ளிவாய்க்கால் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தபோது எழுந்து போய் மோட்டார் போட்டார். தொட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. தண்ணீர் வழிந்து தெருவெல்லாம் ஓடியது.

ஆக, 2023-ல் ஒரு காலை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சென்னையிலிருந்து பலாலிக்கு ஃப்ளைட் விடறாங்களாம். ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்று அவர் கேட்டபோது, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி எங்கே இருக்கிறது என்று தெரியாதது போல அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

*

வயசானவர்கள் ஒரு காலத்தில் சண்டை போட்ட நாட்டுக்குத் திரும்பிப் போவது ஒன்றும் புதிதில்லை. கொரியப் போரில் தன் பக்கம் நின்ற நாடுகளின் வீரர்களை 1975-லிருந்து தென்கொரிய அரசே விருந்தாளிகளாகக் கூப்பிட்டு மரியாதை செய்கிறது. அந்தப் போருக்கு இந்தியா துப்பாக்கிப் படை அனுப்பவில்லை, ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அந்தப் பிரிவை இன்றும் அங்கே நன்றியோடு நினைக்கிறார்கள். வியட்நாமுக்குத் திரும்பிப் போன அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். குவாங் ட்ரி மாகாணத்தில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளை அகற்றும் வேலைக்குத் துணை நின்றவர்கள் அவர்களில் உண்டு. அங்கேயே குடியேறியவர்களும் உண்டு. நன்றி வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் என்று இரண்டு வகையாக அவர்களை நான் மனதில் பிரித்து வைத்திருந்தேன்.

அப்பா எந்த வகை என்று அவரிடம் கேட்டேன். "சும்மா பாத்துட்டு வரலாம்னுதான்" என்றார்.

போவதற்கு முன்னால் நான் செய்த பெரிய காரியம் படித்ததுதான். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே இந்தியப் படை பலாலியில் இறங்க ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆகஸ்டில் போன அப்பாவுக்கும் ஒரு மாலை கிடைத்திருக்கிறது. போட்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். செப்டம்பர் 26 அன்று நல்லூரில் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகளின் திலீபன் இறந்துபோனார். அக்டோபர் 5 அன்று பலாலியில் காவலில் இருந்த புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டோர் சயனைடு கடித்தார்கள். அக்டோபர் 10 வாக்கில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. முதல் மாலை விழுந்து இரண்டரை மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

11-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிளட்டூனில் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். அப்பாவின் சிக்னல்ஸ் நண்பர்கள் அன்றிரவு அந்த அலைவரிசையைப் பிடித்துவைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். விடிந்த பிறகு அதில் எதுவும் வரவில்லை. தீபாவளி நாளான அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்தது. மறுநாள் காலை வரைக்குமாக நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அப்பா அன்று அந்தப் பக்கமே இல்லை. இதை எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

அந்த இரண்டரை வருடத்தில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர். இறந்த பொதுமக்களுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓர் எண் கிடையாது.

*

2024 பிப்ரவரியில் போனோம். சின்ன விமானம், றெக்கையில் விசிறி சுற்றுகிற வகை. ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் கடல் வந்துவிட்டது. அப்பா ஜன்னலோரம். கீழே தீபகற்பத்தின் ஓரம் தெரிந்ததும் விரலால் கண்ணாடியில் எதையோ தேடினார். "என்னப்பா?" என்றேன். "காங்கேசன்துறை சிமெண்ட் ஃபேக்டரி" என்றார். அது எங்களுக்குத் தெரியவில்லை.

பலாலியில் அவருக்குத் தெரிந்தது ஓடுபாதை மட்டும்தான். மீதி எல்லாம் மாறியிருந்தது. மாறியிருந்தது என்று சொல்வதும் முழுச் சரியில்லை. விமான நிலையத்தைச் சுற்றி இன்னும் ராணுவப் பகுதிதான். 1990-ல் அங்கிருந்து துரத்தப்பட்ட மக்களின் நிலத்தைத் துண்டு துண்டாகத்தான் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். வழியில் பாழடைந்த வீடுகளின் சுவர்களுக்குள் மரம் வளர்ந்து கூரைக்கு மேலே போயிருந்தது. காவலில் நின்ற சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவனைப் பார்த்ததும் அப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. பழக்கம். அந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது. ஒரு வயசான இந்தியர், கோயில் பார்க்க வந்திருக்கிறார்.

அப்பா இருந்த முகாம் கோப்பாய்க்கும் உரும்பிராய்க்கும் நடுவில் எங்கோ இருந்தது. ஒரு காலியான வீட்டைப் பிடித்து கம்பெனி முகாம் ஆக்கியிருந்தார்களாம். கையில் வரைபடம் எதுவும் இல்லை, அப்பாவின் ஞாபகம் மட்டும்தான் எங்கள் வழிகாட்டி. அந்த ஞாபகத்தில் ஓர் அம்மன் கோயில், ஒரு மதகு, மூன்று பனைமரம், ஒரு துலாக் கிணறு இருந்தன. அந்தப் பக்கத்தில் அம்மன் கோயில் எத்தனை, பனைமரம் எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எங்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரத் தம்பி பொறுமைசாலி. "ஐயா, இந்த ஒழுங்கையோ?" என்று ஒவ்வொரு சந்திலும் நிறுத்தினார். அப்பா இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தலையாட்டிவிட்டு ஏறினார்.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் வேலிகள்தான் என்று பிறகு புரிந்தது. அவர் ஞாபகத்தில் அந்த ஊரே கிடுகு வேலி. கதியால் நட்டு, ஓலை வைத்து அடைத்த வேலிகளுக்கு நடுவே ஒழுங்கைகள். அதற்குள் நடந்தால் அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதுகில் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் வயர்லெஸ் செட்டும், தலைக்கு மேலே ஆடும் ஏரியலுமாக அப்பா அதற்குள் நடந்திருக்கிறார். எதிராளி முதலில் குறி வைப்பது அதிகாரியை, அடுத்தது ஏரியலை. இப்போது பாதி வேலிகள் சிமெண்ட் மதில்கள். உள்ளே கனடாக் காசிலும் லண்டன் காசிலும் எழுந்த மாடி வீடுகள். பூட்டியிருந்தவை நிறைய.

"இவ்ளோ சின்ன ரோடா இருந்தது?" என்று அப்பா நாலைந்து தடவை கேட்டார். பயத்தோடு நடந்த தூரத்தை ஆட்டோவில் இரண்டு நிமிடத்தில் கடந்தபோது ஏமாந்துபோனார் போல.

அன்று முகாம் கிடைக்கவில்லை. மதகு மட்டும் கிடைத்தது, அல்லது ஏதோ ஒரு மதகு. கண்ணிவெடிக்குப் பயந்து ஒவ்வொரு மதகையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவார்களாம். அப்பா குனிந்து அதன் கீழே பார்த்தார். எழுபத்தாறு வயதில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் கொஞ்சம் குப்பையும் கிடந்தன.

*

அன்றிரவு தங்கியிருந்த வீட்டின் விறாந்தையில் அப்பா சொன்னதை, அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவர் வேலை வயர்லெஸ். ஆனால் அந்த முகாமில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஆகவே ரவுண்ட்-அப் என்றால் அப்பாவையும் கூட்டிப் போவார்கள். விடிகாலையில் ஓர் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்கள் எல்லோரையும் கோயில் முன்னாலோ பள்ளிக்கூட மைதானத்திலோ உட்கார வைப்பார்கள். முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைத் தனியே எடுத்துவிடுவார்கள். தலையாட்டி என்றே அவனுக்குப் பெயர். கேப்டன் இந்தியில் சொல்வதை அப்பா தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் முறை போனபோதே ஒரு தவறு நடந்தது. கேப்டன் எல்லோரிடமும் பேச வேண்டும் என்றார். அப்பா சத்தமாக, "பயப்படாதீங்க, ஐயா உங்ககிட்ட பேசுவார்" என்றார். உட்கார்ந்திருந்தவர்களின் முகம் செத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. பேசுவதற்கு அவர்கள் சொல் கதைப்பது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு நாள் கழித்து ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கியபோதுதான் தெரிந்தது. ஒரே மொழி என்று நம்பிப் போன ஆளுக்கு, ஒரே சொல்லில் முதல் அடி.

இரண்டாவது சம்பவம் 1988-ல். எந்த மாதம் என்று அப்பாவுக்கு நினைவில்லை, பனங்கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது என்பது நினைவிருக்கிறது. ஒரு பையனைத் தனியே எடுத்தார்கள். பதினெட்டு வயது இருக்கலாம். லாரிக்கு நடத்திக்கொண்டு போகும்போது ஒரு கிழவி பின்னாலேயே ஓடிவந்து, எல்லாச் சிப்பாய்களையும் விட்டுவிட்டு நேரே அப்பாவின் கையைப் பிடித்தார். "தம்பி, நீங்கள் தமிழோ?"

அப்பா "இல்லை" என்றார்.

"தமிழ்லதான் சொன்னேன், இல்லைன்னு" என்றார் என்னிடம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். முகாமில் ஏற்கெனவே அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்ததாம். தமிழன், தகவல் போகிறதோ என்று. அவர் செட்டைத் தொடும்போது பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பாராம். ஆமாம் என்று சொன்னால் அந்தக் கிழவி அடுத்து என்ன கேட்பார் என்பதும் தெரிந்திருந்தது. கேட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்பதும் தெரிந்திருந்தது. "ஆமான்னு சொல்லியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். அந்தப் பையன் என்ன ஆனான் என்று அவருக்குத் தெரியாது. மேலிடத்துக்கு அனுப்பினார்கள். விசாரித்து விட்டுவிட்டிருக்கலாம், நிறையப் பேரை விட்டார்கள் என்றார். இந்த 'நிறையப் பேரை விட்டார்கள்' என்பதை ஒரே இரவில் மூன்று முறை சொன்னார்.

*

மறுநாள் ஆட்டோத் தம்பியே, "எங்கட பெரியம்மா அந்தப் பக்கம்தான், அவவுக்குப் பழசெல்லாம் தெரியும்" என்று ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். செம்மண் வளவு, வெங்காயப் பாத்தி, ஓரத்தில் கிணறு. அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "வாங்கோ, இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் ஏதோ கதாபாத்திரத்தைத் தேடிவந்த மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு கதையில் வந்த கிழவி உயிரோடு இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார் என்பது பிறகுதான் உறைத்தது.

அப்பா தயங்கித் தயங்கி, "அந்தக் காலத்துல, ஆர்மி இருந்தப்ப, இந்தப் பக்கம் வந்திருக்கேன்" என்றார்.

"எந்த ஆமி?" என்றார் அந்த அம்மா.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எந்த ஆமி என்று தெரியாமல் கேட்டார். அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அந்த ஊருக்கு வந்தது ஒரே ஒரு ஆர்மிதான். அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. முதலில் சிங்கள ஆமி, பிறகு இந்தியன் ஆமி, பிறகு பெடியள் என்று அவர்கள் சொல்லும் புலிகள், 95-ல் மறுபடியும் சிங்கள ஆமி. 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள மொத்த வலிகாமமும் ஒரே சாலையில் நடந்து வெளியேறியது. அந்தக் கூட்டத்தில் அவரும் மாமியாரைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ஆறேழு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது இந்த வீட்டுக்குக் கூரை இல்லை. முப்பத்தேழு வருடமாக அப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம், அந்த அம்மாவின் கணக்கில் நடுவில் எங்கோ கிடக்கும் ஒரு பக்கம்.

"இந்தியன் ஆமி" என்றேன் நான், அப்பா சொல்லாததால்.

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விடுவாரோ என்று நினைத்தேன். உள்ளே போனார்தான், ஆனால் தேத்தண்ணியோடு திரும்பி வந்தார். "முதல் வரேக்க நாங்களும் மாலை போட்டனாங்கள்" என்றார். "என்ர தமையன் கோயில்ல இருந்து மாலை எடுத்துக்கொண்டு ஓடினவர்." அந்தத் தமையன் அக்டோபர் மாதம் ஷெல் பட்டுச் செத்துப்போனார். எந்தப் பக்கத்து ஷெல் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்கள் அப்ப என்ன செய்தனீங்கள்?" என்றார்.

"வயர்லெஸ்ல இருந்தேம்மா. ரவுண்ட்-அப் அப்ப தமிழ்ல எடுத்துச் சொல்றதுக்கும் கூட்டிட்டுப் போவாங்க."

"ஓம், அப்பிடி ஒருத்தர் எல்லாக் காம்ப்பிலும் இருந்தவர்" என்றார். அப்பா தலையை நிமிர்த்தினார். ஏதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், நானும் எதிர்பார்த்தேன். தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது, அந்த மாதிரி.

அந்த அம்மா சொன்னது இது: "அவரிலதான் எங்களுக்குக் கூடப் பயம். மற்றவைக்கு நாங்கள் எங்களுக்குள்ள என்ன கதைக்கிறம் எண்டு விளங்காது. 'இவன் அங்க ஒளிச்சிருக்கிறான், அந்தப் பக்கம் போகாத' எண்டு முன்னாலேயே நிண்டு சொல்லலாம். அவர் வந்தால் அதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும்."

குறை சொல்லும் தொனியே இல்லை. மழை பெய்தால் வெங்காயம் அழுகும் என்று சொல்வது மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு, "சீனி காணுமோ?" என்று என்னைக் கேட்டார்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருடமாக, 'இல்லை' என்று சொன்னதுதான் தன் குற்றம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தமிழன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கிழவிக்குக் கொஞ்சமாவது தெம்பாக இருந்திருக்கும் என்று. அவருடைய தமிழே அங்கே ஓர் ஆயுதம்தான் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும்தான். அவர் முதுகில் இருந்த செட்டைவிட, வாயில் இருந்த மொழியைக் கண்டுதான் அந்த ஊர் பயந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. பிள்ளைகள் இருவரும் டொராண்டோவில். வெங்காயத்துக்கு இந்த வருடம் விலை இல்லை. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் ஓடுகிறது, தண்டவாளம் இந்தியா போட்டது. "நல்லாத்தான் போட்டிருக்கினம்" என்றார். கிளம்பும்போது அப்பா கை கூப்பி ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த அம்மா, "பரவாயில்லை, விடுங்கோ" என்றார். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அப்பா அப்போது படலையின் கொக்கியைத் திறக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். அதைத்தான் சொன்னாரோ என்னவோ. அவரே வந்து திறந்துவிட்டார்.

*

கொழும்புப் பக்கம், பத்தரமுல்லையில், இலங்கைப் பாராளுமன்றம் இருக்கும் பகுதியில் இந்தியப் படைக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 2015-ல் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்திலும் அந்தப் பெயர்கள் உண்டு. கொழும்பு போய் அந்த இடத்தையும் பார்த்துவிட்டு வரலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். இரவில் என் போனை வாங்கி, அந்தக் கல்லின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு பெயரைத் தேடினார். படம் தெளிவாக இல்லை. அது யாருடைய பெயர் என்று கேட்டேன். "நல்லா சப்பாத்தி போடுவான்" என்றார்.

மீதி இரண்டு நாளும் சாதாரணச் சுற்றுலாக்காரர்கள் மாதிரி இருந்தோம். நல்லூரில் கும்பிட்டோம். சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போன அப்பாவின் முதுகில், செட்டின் பட்டை அழுத்திய இடம் என்று அம்மா எப்போதும் சொல்லும் தழும்பு தெரிந்தது. பனங்கட்டி வாங்கினோம். கந்தரோடைக்குப் போக ஆட்டோத் தம்பி கூப்பிட்டார். பரம்வீர் சக்கரம் வாங்கிய மேஜர் பரமேஸ்வரன் 1987 நவம்பரில் இறந்தது அந்தப் பக்கத்தில்தான். அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை.

திரும்பும் விமானத்தில் முழு நேரமும் தூங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் வண்டிக்காகக் குடத்தோடு நின்றிருந்தார். "எங்க சார், நாலு நாளா ஆளைக் காணோம்?" என்றார்.

"யாழ்ப்பாணம் போயிருந்தோம்" என்றார் அப்பா. நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"டூரா சார்?"

"இல்ல. முன்னாடி ரெண்டு வருஷம் அங்க வேலை பார்த்தேன்."

"அப்படியா! சொல்லவே இல்லையே. என்ன வேலை சார்?"

அப்பா சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "மொழிபெயர்ப்பு" என்றார். தண்ணீர் வண்டி வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாவி என் கைப்பையில் இருந்தது.